நைனாவின் சுருட்டை முடி

“ஏம்மா, அவருக்கு முடி எங்க?”

பின்னாலிருந்து குரல் வந்த பிறகுதான் நிமிர்ந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். என் தாளைப் பார்த்தேன். மறுபடியும் அவரைப் பார்த்தேன்.

சென்னையில் ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வு. உயரமான கூரை போட்ட பழைய கூடம். நடுவில் ஒரு ஸ்டூலில் காவலாளி உடுப்போடு ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நாங்கள், மடியில் பலகையும் தாளுமாக. அவரைப் பார்த்து வரைய வேண்டும், அதுதான் தேர்வு. அவருக்குத் தலை நிறைய முடி. எண்ணெய் வைத்து, நடுவகிடு எடுத்து, காதை மூடுகிற அளவுக்கு இருந்தது.

என் தாளில் இருந்தவர் மொட்டை.

சும்மா மொட்டை இல்லை, அருமையான மொட்டை. உச்சி எங்கே உயர்கிறது, பிடரியில் எங்கே மடிப்பு விழுகிறது, காதுக்குப் பின்னால் எலும்பு எப்படிப் புடைக்கிறது, எல்லாம் அச்சு அசலாக வந்திருந்தது. போதாததற்கு வலது காதுக்கு மேலே கத்தி பட்ட ஒரு கீறல், அதன்மேல் ஒரு பொட்டுச் சந்தனம். அதை எப்போது போட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கை தானாகப் போட்டிருக்கிறது.

மேற்பார்வைக்கு வந்த பேராசிரியை கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எந்த ஊரு?”

“திருத்தணிங்க மேடம்.”

“அதான பாத்தேன். முடியப் போடும்மா. இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கு.”

கால் மணியில் என்னத்தைப் போடுவது? தேங்காய் நாரைப் பிய்த்து வைத்த மாதிரி எதையோ கிறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வருடம் எனக்கு இடம் கிடைக்கவில்லை.

உள்ளங்கைப் பாடம்

எங்கள் கடையைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக.

மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில், மொட்டை போடுகிற மண்டபத்துக்கு எதிரே சந்தனக் கடை. நைனாவின் கடை. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் சொல்வோம். நாங்கள் பேசுவது தமிழ்தான், ஆனால் ஆந்திரா எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சில சொற்கள் வந்து எங்கள் வீட்டிலேயே குடியேறிவிட்டன.

முடி கொடுத்துவிட்டு, குளித்து, ஈரத் தலையோடு வருகிறவர்களைப் பலகையில் உட்கார வைத்துத் தலையில் சந்தனம் பூசி அனுப்புவதுதான் எங்கள் தொழில். ஆடிக் கிருத்திகை நாட்களில் வரிசை பொய்கைப் படிக்கட்டு வரை நிற்கும். நான் மூன்றாம் வகுப்பிலிருந்து பூசுகிறேன். விரலால் பூசினால் கோடு கோடாக நிற்கும். உள்ளங்கையை நனைத்துக்கொண்டு நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும்.

எத்தனை தலைகள்! தட்டையான உச்சி, கூம்பிய உச்சி, பின்பக்கம் துருத்திய தலை, உருண்டைத் தலை. புத்தம்புது மொட்டையின் குளிர்ச்சியும், கொஞ்சம் சொரசொரப்பும், சந்தனம் பட்டதும் அவர்கள் கண்ணை மூடிக்கொள்வதும் என் கைக்குள்ளேயே இருக்கின்றன. சந்தனம் காய்கிற வரை அவர்கள் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது பொட்டலம் கட்டுகிற தாளில் அவர்களை வரைவேன். அசையாத ஆள், நல்ல வெளிச்சம். இதைவிட என்ன வேண்டும்?

ஒரு முறை ஒரு அக்கா மொட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் நகக்கண்ணில் நீலப் பெயிண்ட் காய்ந்திருந்தது. பொட்டலத் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, “இத நீயா வரஞ்ச? நான் படிக்கிற காலேஜ்ல சேந்துடேன்” என்றார்.

“வரையறதுக்குன்னே காலேஜ் கீதுங்களா?”

கேட்டது நான் இல்லை, நைனா. கையில் சந்தனக் கிண்ணத்தோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அன்றிலிருந்து என்னைவிட அவருக்குத்தான் அந்தக் கல்லூரி மேல் ஆசை.

அம்மாவுக்கு அப்படி இல்லை. கே.ஜி.கண்டிகைப் பக்கம் பூந்தோட்டத்தில் விடிகாலையில் மல்லி பறித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சமைத்து, மத்தியானம் கடையில் வந்து நிற்கிறவள். கனவு காண அவளுக்கு நேரம் ஏது? முதல் தேர்வில் நான் மொட்டை வரைந்துவிட்டு வந்த கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

“இன்னும் ஒரு வருசம் குடுக்கறேன். ஒண்ணே ஒண்ணு. அதுலயும் வரலன்னா அரக்கோணத்துல நர்சிங் சேர்ற. அப்பறம் பென்சிலத் தூக்கினு என் முன்னால வரக் கூடாது.”

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் சொன்னால் சொன்னதுதான். 

டோப்பா

ஆக, ஒரு வருடத்துக்குள் முடி வரையக் கற்றுக்கொள்ள வேண்டும். உலகத்தில் வேறு எவருக்கும் வராத பிரச்சினை.

முதலில் ரயிலில் முயன்றேன். சும்மா அரக்கோணம் வரை லோக்கலில் போய், அடுத்த வண்டியில் திரும்பி வருவேன். அலுவலகம் போகிற கூட்டம், விதவிதமான தலைகள். ஆனால் வண்டி ஆடும், தலை ஆடும், பெண்கள் தலையில் பாதிக்குமேல் பூ. ஒரு அம்மாள் நான் வரைவதைப் பார்த்துவிட்டு, “இன்னாமே, என் தலைல பேன் எண்றியா?” என்று சண்டைக்கு வந்துவிட்டாள். அத்தோடு ரயில் பயிற்சி முடிந்தது.

அசையாமல் உட்காருகிற, முடியுள்ள ஒரு தலை வேண்டும். எங்கள் தெருவில் அப்படி ஒரே ஒரு தலைதான் இருந்தது. நைனாவுடையது.

நைனாவின் முடியைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதலாம். கன்னங்கரேலென்று, அலை அலையாகச் சுருண்டு, பின் கழுத்தில் வந்து புரளும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. குளித்துவிட்டு வந்தால் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம். “பொண்ணு பாக்கப் போறாரு, வழி வுடுங்க” என்று அம்மா கிண்டல் செய்வாள். ஊருக்கெல்லாம் மொட்டையில் சந்தனம் பூசுகிறவர், தான் மட்டும் எனக்குத் தெரிந்து ஒருநாளும் முடி கொடுத்ததில்லை. என் காதுகுத்துக்கு எனக்கு மொட்டை போட்டார்கள், அம்மாகூட ஒரு வேண்டுதலுக்குக் கொடுத்திருக்கிறாள். நைனா அசையவில்லை. எதிர் மண்டபத்தில் கத்தி பிடிக்கிற சேகர் மாமா, “ண்ணா, ஒரு தபா வந்து குந்து, பூப்போல எடுத்து வுட்றேன்” என்று தினமும் கூப்பிடுவார். நைனா சீப்பை எடுத்து ஒரு வாரு வாரிக் காட்டுவார். அதுதான் பதில்.

நான் கேட்டதும் உடனே ஒப்புக்கொண்டார். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் தெருவைப் பார்த்து உட்காருவார். நான் பின்னால் முக்காலி போட்டு உட்காருவேன். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு தெருவில் போகிறவர்களோடு பேசுவார், நான் வரைவேன். தினமும். மழையானாலும் கிருத்திகையானாலும்.

“ஜல்தியா வரஞ்சிக்கோ பாப்பா” என்பார். என்ன அவசரம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மூன்று மாதம் ஆயிற்று. சுருள் வந்தது, பளபளப்பு வந்தது, தலைதான் வரவில்லை. அம்மா தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தாள்.

“டோப்பா வெச்சா மாரி கீது.”

அவள் சொன்னது சரி, ஒட்டுமுடியேதான். எனக்குக் காரணமும் தெரிந்தது. முடிக்குக் கீழே இருக்கிற மண்டை எனக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் முடியைப் பார்த்து வரைவார்கள். நான் மண்டையைத் தொட்டு வரையப் பழகியவள்.

“நைனா, ஒரே தபா தலையத் தொட்டுப் பாக்கட்டா?”

சிரித்துக்கொண்டிருந்த முகம் சட்டென்று மாறிவிட்டது. “அதெல்லாம் வேணாம். கண்ணால பாத்தே போடு” என்று எழுந்து போய்விட்டார். என்னிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை. எனக்கு அழுகை வந்தது.

நசுங்கன சொம்பு

அம்மாதான் சொன்னாள், பூக்கட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி.

நைனாவின் சொந்த ஊர் ஆர்.கே.பேட்டைப் பக்கம். வீட்டில் தறி. தவழ்ந்து நடக்கிற வயதில் தறிக்குழிக்குள் தலைகீழாக விழுந்து மரத்தில் அடிபட்டுவிட்டார். பிழைத்ததே பெரிது. பின்மண்டையில் இடது பக்கம் ஒரு பள்ளம் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவர் பெயரே ‘நசுங்கன சொம்பு’தான்.

“மொத மொத ஒரு எடத்துல பொண்ணு பாக்கப் போயிருக்காங்க. அப்பதான் திருப்பதிக்கு மொட்ட போட்டுகினு வந்துருந்தாராம். பொண்ணோட அம்மா பின்னாலருந்து பாத்துட்டு, மாப்ளைக்கு மண்டைல ஆப்ரேசனான்னு கேட்டுட்டாங்களாம். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. பொண்ணும் சிரிச்சிச்சாம். அதோட வெச்ச முடிதான் இது.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“கண்ணாலம் ஆயி ஒரு மாசம் கழிச்சி. எண்ண தேய்க்க உக்காந்தாரு. கை பட்டுச்சி. நான் ஒண்ணும் கேக்கல, அவரும் ஒண்ணும் சொல்லல. நீயும் கேக்காத.”

நான் கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் கண்ணில் பட்டுவிட்டது.

ஐப்பசி மழை. கடையின் தார்ப்பாய் காற்றில் பறந்துவிட, நைனா தெருவில் இறங்கி ஓடிப் பிடித்துக்கொண்டு வந்தார். தொப்பலாக நனைந்து, எனக்கு முதுகைக் காட்டிக் கயிறு கட்டிக்கொண்டு நின்றார். முடி மண்டையோடு ஒட்டிக் கிடந்தது. இடது பக்கம், காதுக்கு நாலு விரல் பின்னால், முடி உள்வாங்கி இறங்கி ஏறியது. ஒரு நிமிஷம்தான். பிறகு துண்டை எடுத்துத் துவட்டிக்கொண்டார்.

அன்று மத்தியானம் வரைந்த படம்தான் என் வாழ்க்கையில் முதல் முறையாக ‘வந்த’ படம். காய்ந்து மீண்டும் சுருண்ட முடிதான், ஆனால் அதற்குக் கீழே ஒரு மண்டை இருப்பது தெரிந்தது. பள்ளம் இருந்த இடத்தில் சுருள்கள் மட்டும் கொஞ்சம் திசை மாறி ஓடின.

நைனா அதை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

“நல்லா கீது பாப்பா” என்றார். பிறகு, “காலேஜிக்கு இத்த மட்டும் எடுத்துகினு போவாத. மீதி எத்த வோணா காட்டிக்கோ.”

“சரி நைனா.”

படத்தை மடிக்காமல் கொண்டுபோய் வீட்டு அலமாரியில், சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

கொண்டையில் சுருள்

இரண்டாம் முறை தேர்வுக்கு நைனாவும் கூட வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, புதுச் சீப்பு. அம்மா ரயிலடி வரை வந்து, “முடியப் போட்டுட்டு வா” என்று மட்டும் சொன்னாள்.

இந்த முறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது ஒரு நடுத்தர வயது அம்மாள். எண்ணெய் தடவி, படிய வாரி, இறுக்கிப் போட்ட கொண்டை. நான் மளமளவென்று வரைந்தேன். முகம், கழுத்து, கடைசியாக முடி. நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே முடித்து, பெருமையாகத் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தேன்.

கொண்டை முழுக்கச் சுருள். நெற்றியிலிருந்து அலை அலையாக நைனாவின் முடி. அந்த அம்மாளுக்கு இருந்ததோ கம்பி போல நேரான முடி. ஒரு வருடமாக ஒரே தலையை வரைந்த கைக்கு, உலகத்தில் வேறு முடியே தெரிந்திருக்கவில்லை.

அழிக்க நேரமில்லை. அரக்கோணத்தில் நர்சிங் சேர்ந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். நர்சிங் ஒன்றும் மட்டமான படிப்பு இல்லை. ஆனால் ஊசி போடுவதற்கு முன்னால் நோயாளியை வரைந்துகொண்டு நிற்பேன் என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் நேர்காணல். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் அதே கண்ணாடிப் பேராசிரியை. என் தேர்வுத் தாள் அவர் முன்னால் இருந்தது.

“திருத்தணிப் பொண்ணுதானே நீ? போன வருஷம் முடியே போடல. இந்த வருஷம் வேற யாரோட முடியவோ போட்டிருக்க. யாரோடது இது?”

“எங்க நைனாவோடதுங்க மேடம்.”

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

“வேற என்ன கொண்டாந்திருக்க, காட்டு.”

கோப்பைத் திறந்து கொடுத்தேன். நைனாவின் பின்தலை, நைனாவின் பின்தலை, மறுபடியும் நைனாவின் பின்தலை. பேராசிரியை புரட்டிக்கொண்டே போனார். இடையிடையே பொட்டலத் தாள் மொட்டைகள். கடைசித் தாளுக்கு வந்ததும் அவர் கை நின்றது.

மழை நாள் படம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை நான் வைக்கவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் அது இருப்பது வீட்டில் மூன்றே பேருக்குத்தான் தெரியும்.

பேராசிரியை படத்தைக் கையில் தூக்கிப் பிடித்தார். இடது பக்கத்துச் சுருள்களின் மேல் விரலை வைக்காமல் காற்றிலேயே தடவினார். பக்கத்தில் இருந்தவரிடம் நகர்த்தினார்.

“மத்ததெல்லாம் முடி. இது மட்டும் ஆளு” என்றார். பிறகு என்னிடம், “இங்க அடிபட்டிருக்கா அவருக்கு?”

“ஆங்” என்றேன். மேடம் போடக்கூட மறந்துவிட்டேன்.

வெளியே வந்தேன். நைனா மரத்தடியில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார்.

“எல்லாம் காமிச்சியா?”

“காமிச்சேன் நைனா.”

“எல்லாத்தயுமா? கடசித் தாளயுமா?”

“எல்லாத்தயும்.”

சீப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “வா, பசிக்குது” என்றார்.  ரயிலில் ஊர் வருகிற வரை அவர் தோளில் சாய்ந்துகொண்டுதான் வந்தேன்.

சேகர் மாமாவின் கத்தி

தேர்வானவர்கள் பட்டியல் வந்த நாள் நானும் அம்மாவும் கடையில் இருந்தோம். போனில் என் பெயரைப் பார்த்ததும் அம்மாதான் முதலில் அழுதாள். பூக்கூடையைக் கவிழ்த்துவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டு, “என் தங்கமே, உனக்குப் போயி நர்சிங்குனு சொன்னனே” என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நைனாவைக் காணவில்லை.

தெருவில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தோம். நைனா மண்டபத்தில், சேகர் மாமாவின் முன்னால், சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“ண்ணா, நெசமாத்தான் சொல்றியா? வெளாடுறியா?” சேகர் மாமா கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். தினமும் கூப்பிட்டவருக்கு இப்போது கை வரவில்லை.

“எடுடா. சாமி காரியம்.”

பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். முடி சுருள் சுருளாக விழுந்தது. என் ஒரு வருடப் பாடம் கீழே ஈரத் தரையில் கிடந்தது. பள்ளம் வெளியே தெரிந்தபோது யாரும் சிரிக்கவில்லை. தேங்காய்க் கடை ஆயா மட்டும் மோவாயில் கை வைத்துக்கொண்டு, “அய்ய, பச்சக் கொழந்த மாரி கீறயேடா!” என்றாள். நைனா வெட்கப்பட்டார்.

பொய்கையில் முழுகிவிட்டு ஈரத்தோடு வந்து, எங்கள் கடையில் மற்றவர்கள் உட்காருகிற அதே பலகையில் உட்கார்ந்தார்.

“பூசு.”

உள்ளங்கையை நனைத்துச் சந்தனத்தை எடுத்தேன். நெற்றியில் வைத்து இழுத்தேன். எத்தனையோ ஆயிரம் தலைகளைப் பார்த்த கை, உச்சி தாண்டி இடது பக்கம் இறங்கும்போது ஓரிடத்தில் நின்றது. ஒரு எலுமிச்சம்பழம் உட்காருகிற அளவுக்குப் பள்ளம். 

“எப்ப வேண்டிகினீங்க நைனா?”

“போன வருசம். நீ பெயிலான அன்னிக்கே.”

அப்படியென்றால் அந்த வருடம் முழுக்க, போகப்போகிற முடியைத்தான் எனக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். ஜல்தியா வரஞ்சிக்கோ என்றது அதனால்தான். நான் அவர் தலைமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். என் முகமெல்லாம் சந்தனம்.

“ஏய், கஸ்டமர்லாம் பாக்கறாங்க” என்றார் நைனா. 

கடை வாசலில்

முதல் ஆண்டில் களிமண்ணில் ஒரு தலை செய்யச் சொன்னார்கள். மற்றவர்கள் கண்ணாடி முன்னால் தங்கள் முகத்தையே செய்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் நைனாவைச் செய்தேன். பள்ளத்தை விடுவதா, நிரப்பிவிடுவதா என்று ஒருநாள் முழுக்கத் தவித்துவிட்டு, அப்படியே விட்டேன். பிளாஸ்டரில் வார்த்த தலையைச் சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தேன். திட்டுவாரோ என்று பயமாக இருந்தது.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தண்ணி பட்டா கரையுமா?” என்று கேட்டார்.

“பெயிண்ட் அடிச்சா கரையாது.”

“அப்ப அடிச்சிக் குடு.”

இப்போது நான் பாடப் புத்தகங்களுக்குப் படம் போட்டுப் பிழைக்கிறேன். எல்லா வகை முடியும் வரைவேன், கேட்டால் நேர் முடிகூட. நைனாவுக்கு மறுபடி முளைத்த முடி நரைத்தும் நேராகவும் வந்தது, அதை ஒட்ட வெட்டிக்கொள்கிறார். சட்டைப் பையில் சீப்பு இல்லை.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். காலையில் கடை திறக்கிற நேரம். முன்பலகையில், தெருவில் போகிற எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி, அந்தத் தலை பின்பக்கத்தைக் காட்டி உட்கார்ந்திருந்தது. நைனா அன்றைய சந்தனத்தைக் கரைத்து, உள்ளங்கையில் எடுத்து, முதல் பூச்சை அதற்குத்தான் பூசினார். எங்கள் சந்தனம் எப்படி நிற்கும் என்று வருகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரித் தலையாம் அது.

“இன்னாங்க, பின்னால பள்ளமா கீது?” என்று பலகையில் உட்கார்ந்திருந்த புது மொட்டைக்காரர் ஒருவர் கேட்டார்.

“அது என் தலைங்க” என்றார் நைனா. “என் பொண்ணு செஞ்சது.”